'ஐரோப்பிய யூனியன்' என்று எழுதியிருந்தால் எந்தெந்த நாடு? விளக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் ஒப்பந்தம் படிக்கும் விதம்

நாச்சியார்கோவில் குத்துவிளக்கையோ சுவாமிமலைச் சிலையையோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், வாங்குபவரிடமிருந்து ஒப்பந்தம் வந்ததும் நேராக விலையைப் பார்ப்பார்கள், அப்புறம் பணம் எத்தனை நாளில் வரும் என்று பார்ப்பார்கள், அத்தோடு சரி. நீங்கள் முதலில் திறக்க வேண்டியது 'டெஃபனிஷன்ஸ்' பகுதி, அதாவது சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் பகுதி. அதில் 'டெரிட்டரி', அதாவது விற்பனை எல்லை, என்ற சொல்லைத் தேடுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தில் வரியின் நடுவே ஒரு சாதாரணச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால், அதற்கு இந்தக் காகிதம் தனியாக ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது, அகராதி அர்த்தம் இங்கே செல்லாது.

நெதர்லாந்துக்காரர் ஒருவர் அனுப்பும் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'டெரிட்டரி என்பது ஐரோப்பிய யூனியனின் உறுப்பு நாடுகள். அங்கே விற்கும் தனி உரிமை வாங்குபவருக்கு மட்டுமே.' கையெழுத்துப் போட்டால் அந்த நாடுகளில் வேறு யாருக்கும் நீங்கள் நேரடியாக விற்க முடியாது.

இப்போது உங்கள் ஆர்டர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பாருங்கள். லண்டன் வெளியே. ஜூரிக் வெளியே. ஆஸ்லோவும் வெளியே, ஏனென்றால் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் யூனியனில் சேரவே இல்லை. பாரிஸ் உள்ளே, காமாட்சி அம்மன் கோவில் இருக்கும் ஜெர்மனியின் ஹாம் உள்ளே. நம்மவர்கள் அதிகம் இருக்கும் ஐரோப்பிய ஊர்களில் பல இந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. சரி, ரீயூனியன் தீவு? இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களின் வம்சம் இன்றும் கோவில் கட்டிக் கும்பிடும் ஊர். அது பிரான்ஸின் ஒரு பகுதி, அதனால் ஐரோப்பிய யூனியனுக்குள் வருகிறது! சுங்க எல்லையிலும் உள்ளேதான், ஆனால் யூனியனின் வாட் வரி எல்லைக்கு வெளியே. லண்டனை விட்டுவிட்டு ரீயூனியனைப் பிடிக்கிற சொல் இது. அங்கே ஒரு கடைக்காரர் உங்களிடம் வருஷா வருஷம் விளக்கு வாங்குகிறார் என்றால், நெதர்லாந்துக்காரர் 'அது என் ஏரியா' என்று சொல்ல இடமிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டென்மார்க் உறுப்பு நாடு, ஆனால் அதைச் சேர்ந்த கிரீன்லாந்து 1985-இல் வெளியே போய்விட்டது, ஃபாரோ தீவுகள் உள்ளே வந்ததே இல்லை. பிரான்ஸின் நியூ கலிடோனியாவும் யூனியனின் பகுதி அல்ல. உறுப்பு நாடுகளின் பெயர்கள் ஐரோப்பிய யூனியன் உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவில் இருக்கின்றன. தொலைதூரப் பகுதிகளின் கணக்கு, யூனியன் இயங்குமுறை உடன்படிக்கையின் 355-ஆம் பிரிவில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த இரண்டையும் பாருங்கள், செய்தித்தாள் வரைபடத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது தேதி. இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். நிலப் பத்திரத்தில் சர்வே எண் போட்டு எழுதுவது ஒரு ரகம், 'வடக்கே வெட்டாறு' என்று எல்லை சொல்வது இன்னொரு ரகம், ஆறு கரையை மாற்றினால் இரண்டாவதில் வம்பு வரும். ஒப்பந்தமும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஒன்று, நாடுகளின் பெயரை வரிசையாக அடுக்கிவிடுவது. அல்லது 'அவ்வப்போது உறுப்பாக இருக்கும் நாடுகள்' என்று சொல்வது, ஆங்கிலத்தில் 'ஃப்ரம் டைம் டு டைம்' என்று வரும், பட்டியல் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அல்லது 'இந்த ஒப்பந்தத் தேதியில் உள்ளபடி' என்று உறைய வைப்பது. மூன்றும் இல்லாமல் வெறுமனே 'ஐரோப்பிய யூனியன்' என்று மட்டும் இருந்தால் சண்டைக்கு வழி திறந்தே இருக்கிறது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் விலகியது. அந்த வருஷக் கடைசி வரை இருந்த மாறுகாலத்தில், ஐரோப்பியச் சட்டத்தில் 'உறுப்பு நாடு' என்று வந்தால் பிரிட்டனையும் பொதுவாகச் சேர்த்தே படிக்க வேண்டும் என்று விலகல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அரசாங்கங்களுக்கு அது சரி, நீங்களும் உங்கள் வியாபாரியும் போட்ட காகிதத்துக்கு அப்படி யார் வந்து எழுதித் தருவார்கள்?

ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். பட்டியல் இருந்தால் எண்ணிப் பாருங்கள். இன்று 27 நாடுகள். பட்டியலில் பிரிட்டன் இருந்தால் அது 2020-க்கு முந்தைய மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டியது. பிரிட்டன் இருந்து குரோஷியா இல்லை என்றால் இன்னும் பழசு, 2013 ஜூலைக்கும் முந்தியது. இவ்வளவு பழைய காகிதத்தை அனுப்புகிறவர் மற்ற விதிகளையும் திரும்பப் படித்திருக்க மாட்டார், அதனால் முழுசையும் ஒருமுறை சந்தேகத்தோடே பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெயர்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்றால் அந்த 27-உடன் ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், நார்வே. சுவிட்சர்லாந்து அதிலும் கிடையாது. ஈஎஃப்டிஏ (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம்) என்பது இந்த மூன்றும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்த தனிக் கூட்டு, இந்தியாவோடு அது போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது, ஆக ஜூரிக்குக்குச் சரக்கு போகும்போது வரிச் சலுகைக்குப் பார்க்க வேண்டியது அந்தக் காகிதத்தை. ஷெங்கன், யூரோ நாடுகள் இதெல்லாம் விசாவுக்கும் பணத்துக்கும் ஆனவை, டெரிட்டரிக்கு உதவாது.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் விற்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆசியான் என்பது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சங்கம். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆசியான் சரக்கு ஒப்பந்தம் பத்து நாடுகளின் பெயரைச் சொல்கிறது. திமோர்-லெஸ்தே 2025 அக்டோபரில் ஆசியானின் 11-ஆவது உறுப்பாகச் சேர்ந்தது. சங்கத்தில் சேர்ந்துவிட்டதால் மட்டும் அந்தப் பழைய ஒப்பந்தத்தில் ஒருவர் தானாகச் சேர்ந்துவிட மாட்டார்.

என்ன எழுதச் சொல்லிக் கேட்பது? விற்பனை உரிமை என்றால் பெயர்ப் பட்டியல்தான், என் கருத்தில் வேறு பேச்சே கிடையாது. இப்படிக் கேளுங்கள்: 'டெரிட்டரி என்பது இணைப்பு 1-இல் பெயர் சொல்லப்பட்ட நாடுகள் மட்டும். அங்கே பெயர் சொல்லாத கடல்கடந்த பகுதிகள் இதில் சேரா. ஒரு நாடு யூனியனில் புதிதாகச் சேர்ந்தாலும் விலகினாலும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை பட்டியல் மாறாது.' வாடிக்கையாளரின் பெயர், விலாசம் போன்ற தகவல் பாதுகாப்பு பற்றிய பகுதிக்கு மட்டும் 'அவ்வப்போது' என்ற வகை நல்லது, ஏனென்றால் அங்கே ஒரு நாட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது அது உறுப்பாக இருப்பதைப் பொறுத்தே மாறும். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பதில் தப்பில்லை, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தால் போதும்.

வாங்குபவர் முரண்டு பிடித்தால் நீளமாக வாதாட வேண்டாம். ரீயூனியன், வட அயர்லாந்து, சுவிட்சர்லாந்து மூன்றையும் எழுதி, 'இவை டெரிட்டரியில் உண்டா இல்லையா' என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வட அயர்லாந்தைச் சேர்க்கச் சொல்வது சும்மா இல்லை, அது பிரிட்டனோடு வெளியே போனாலும் சரக்கு விஷயத்தில் யூனியனின் பல விதிகள் அங்கே இன்னும் நடக்கின்றன. வரும் பதிலை அப்படியே இணைப்பு 1-இல் ஏற்றச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.