டர்போ ஸ்னோமொபைலுக்கு எந்தப் பெட்ரோல்? முதல் சீசன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஒரு பெட்ரோல் பங்க். மைனஸ் 24. கையுறையைக் கழற்றினால் இரண்டே நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பம்ப்பில் 87, 89, 91 என்று ஆக்டேன் எண் போட்ட மூன்று பொத்தான்கள். விலையைப் பார்த்ததும் கை தானாக 87 பக்கம் போகும். கார் என்றால் போகட்டும். டர்போ வைத்த ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி (ஓட்டுகிறவர்கள் ஸ்லெட் என்பார்கள்) என்றால் அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 91 ஏன் தேவை, அதற்கு மேல் எப்போது போகலாம், எங்கே போனால் காசுதான் வீண் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஆக்டேன் கூடினால் ஓட்டத்தில் வேகம் கூடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஆக்டேன் எண் சொல்வது பெட்ரோலின் பொறுமையை. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும் தீ அங்கிருந்து சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் எரியாத கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் நாக்கிங். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, சட்டென்று பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து இந்த அளவுகோலைச் செய்தார்கள். 87 பெட்ரோல் என்றால், 87 பங்கு ஐசோ ஆக்டேனும் 13 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும்.

டர்போ இங்கேதான் வம்பு செய்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டர்போ அதன்மேல் இன்னும் 7 பிஎஸ்ஐ ஏற்றினால் (இப்படி ஏற்றும் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட்), சிலிண்டருக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று திணிக்கப்படும். அதை பிஸ்டன் மறுபடியும் நசுக்கும். பொறுமை குறைந்த பெட்ரோல் அங்கே நிற்காது. காரில் நாக்கிங் வந்தால் டக் டக் என்று காதில் விழும். ஸ்னோமொபைலில் ஹெல்மெட், சைலன்சர் சத்தம், டிராக் சத்தம் எல்லாம் சேர்ந்து ஒன்றும் கேட்காது. பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும்.

படி 1: மூடியையும் மேனுவலையும் பாருங்கள்

டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் மேனுவலில் எரிபொருள் பக்கம். தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வரும் ஸ்லெட்டுகளில் பொதுவாக 91 என்று இருக்கும். அந்த எண் 'குறைந்தபட்சம்' என்று போட்டிருக்கிறதா, 'பரிந்துரை' என்று போட்டிருக்கிறதா என்பதையும் படியுங்கள். இரண்டும் ஒன்றல்ல. 'பரிந்துரை' என்றால் அதைவிடக் குறைவாக ஊற்றினாலும் இன்ஜினின் கணினி பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, பூஸ்டைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும். 'குறைந்தபட்சம்' என்றால் பேரம் கிடையாது.

ஸ்லெட் தொழிற்சாலை நிலையிலேயே இருந்தால் இந்த எண்ணுக்கு மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். 91 கேட்கும் இன்ஜினுக்கு 94 கொடுத்தால், உங்களுக்கு மனத்திருப்தி வரலாம். இன்ஜினுக்குப் பெரிதாக ஒன்றும் வராது.

படி 2: எந்த ஊர் 91 என்று கேளுங்கள்

இந்தியாவில் பெட்ரோல் போட்டுப் பழகியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. அங்கே சாதாரண பெட்ரோலே பல காலம் 91-ஆக இருந்தது. அப்படியானால் கனடாவில் 91-க்கு ஏன் பிரீமியம் விலை?

அளவுகோல் வேறு. ஆக்டேனை இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். மிதமான நிலையில் சோதித்தால் வருவது ரான் (RON). உள்ளே போகும் கலவையைச் சூடாக்கி, வேகத்தைக் கூட்டி, கடுமையாகச் சோதித்தால் வருவது மான் (MON). மான் எப்போதும் குறைவாகத்தான் வரும். இந்தியாவும் ஐரோப்பாவும் பம்ப்பில் ரான் எண்ணை எழுதுகின்றன. கனடாவும் அமெரிக்காவும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகின்றன; அதை ஏகேஐ என்பார்கள். ஆக, இந்தியாவின் அந்த 91-உம் கனடாவின் 87-உம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. கனடாவின் 91-க்கு ஈடு, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 95.

பின்லாந்திலோ சுவீடனிலோ ஸ்லெட்டை வாடகைக்கு எடுத்தால் பம்ப்பில் 95, 98 என்று இருக்கும். 95-ஐப் பார்த்து 'அடேயப்பா, ரேஸ் பெட்ரோல்' என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 3: மலையில் 85-ஐத் தொடாதீர்கள்

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம், மொன்டானா, வயோமிங், கொலராடோ மாதிரி மாநிலங்களில், பம்ப்பில் 85 என்று ஒரு பொத்தான் இருக்கும். உள்ளூர்க்காரரைக் கேட்டால் 'உயரத்தில் இது போதும்' என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்கும். அழுத்தம் குறைவதால் நாக்கிங்கும் குறையும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது.

ஆனால் டர்போவை மலைக்கு வாங்குவதே அந்த மெல்லிய காற்றை ஏமாற்றத்தான். ஸ்கி-டூ கம்பெனி 2020 மாடலில் கொண்டுவந்த சம்மிட் 850 இ-டெக் டர்போ, தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வந்த முதல் டூ ஸ்ட்ரோக் ஸ்லெட். 8,000 அடி உயரம்வரை 165 குதிரைசக்தியை விடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் பெருமையே. மலை உச்சியில் நின்றாலும் சிலிண்டருக்குள் கடல்மட்டத்துக் காற்று. அங்கே 85 ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட வரும் நண்பரின் டர்போ இல்லாத ஸ்லெட் 85-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 4: எண்ணைவிட, பெட்ரோல் எத்தனை நாள் பழையது என்று யோசியுங்கள்

இந்தப் படிக்குத்தான் யாரும் மரியாதை கொடுப்பதில்லை. என் முதல் சீசனில் நானும் கொடுக்கவில்லை.

காட்டுப்பாதை ஓரத்தில் ஒரு சின்ன பங்க். 91 இருந்தது, ஊற்றினேன், நிம்மதியாகக் கிளம்பினேன். பத்து கிலோமீட்டர் போனதும் உறைந்த ஏரி ஒன்றின் மேல், கட்டைவிரலால் இயக்கும் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினேன். ஸ்லெட் ஏறிக்கொண்டே வந்து, யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று சோர்ந்தது. டிஸ்பிளேயில் மஞ்சள் விளக்கு. விரலைத் தளர்த்தியதும் அணைந்தது, அழுத்தினால் மறுபடி எரிந்தது. இன்ஜினின் கணினி நாக்கிங்கைக் கண்டு பூஸ்டை வெட்டிக்கொண்டிருந்தது என்பது மெக்கானிக் பிளக்கைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நடுவில் ஒன்றிரண்டு மினுமினுத்தன. மினுங்கியது அலுமினியம், அதாவது என் பிஸ்டன். "91 ஊற்றினீர்கள், சரி. அது எப்போது வந்த 91?" என்று கேட்டார்.

அந்த மாதிரி இடங்களில் 87 தினமும் விற்றுப்போகும். 91 வாங்குகிறவர் அபூர்வம். தரைக்கடியில் தொட்டியில் அது மாதக்கணக்கில் கிடக்கும். பெட்ரோலில் லேசான பொருள்கள், முக்கியமாகக் குளிர்காலத்தில் சேர்க்கும் பியூட்டேன், முதலில் ஆவியாகிப் போகும். பியூட்டேனுக்கு ஆக்டேன் அதிகம். அது போனால் எண்ணும் இறங்கும், குளிரில் ஸ்டார்ட் ஆவதும் கஷ்டமாகும். போன கோடையில் படகுக்கு வாங்கி மிஞ்சிய பெட்ரோலை ஸ்லெட்டில் ஊற்றக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். கோடைப் பெட்ரோலில் பியூட்டேனே குறைவு.

ஆகவே கிளம்பும்போதே நெடுஞ்சாலையோரம் கூட்டம் மொய்க்கும் பங்க்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். கேனில் வாங்கினால் இன்னொன்று: ஒரே குழாயில் மூன்று ரகமும் வரும் பம்ப்பில், முந்தையவர் போட்ட 87 கொஞ்சம் குழாயிலேயே நிற்கும். 40 லிட்டர் டேங்க்குக்கு அது பெரிதல்ல. 5 லிட்டர் கேனுக்குப் பெரிதுதான். காரில் முதலில் சில லிட்டர் 91 போட்டுவிட்டு, அதே குழாயில் கேனை நிரப்புவது என் வழக்கம். கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். பிக்கப் வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறந்து தீப்பிடிக்கலாம்.

படி 5: எத்தனாலைக் கவனியுங்கள்

எத்தனால் கெட்டது என்று ஸ்லெட்காரர்கள் சபிப்பார்கள். ஆக்டேனைப் பொறுத்தவரை அது நல்ல பிள்ளை. ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். எரிசக்தி மட்டும் குறைவு. 10 சதவீதம் கலந்த இ10 பெட்ரோலில் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறையும். பெரும்பாலான கம்பெனிகள் 10 சதவீதம்வரை அனுமதிக்கின்றன. அதற்கு மேல், மேனுவல் வெளிப்படையாகச் சொன்னால் தவிர, கூடாது.

தொல்லை தண்ணீரால்தான். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம்வரை கரைத்து வைத்துக்கொள்ளும். குளிர் கூடக்கூட அந்தச் சக்தி குறையும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு டேங்க்கின் அடியில் தனியாகப் போய்ப் படுத்துவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல், எத்தனாலை இழந்ததால், ஆக்டேனிலும் இரண்டு மூன்று எண் இறங்கியிருக்கும். எத்தனால் இல்லாத 91 கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் டேங்க்கைப் பாதியாக வைத்து நிறுத்தாமல் நிரப்பி நிறுத்துங்கள். காற்று இருக்கும் இடத்தில்தான் ஈரம் சேரும்.

படி 6: டியூன் செய்த ஸ்லெட் என்றால்

பழைய ஸ்லெட் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். யமஹா சைட்விண்டர் போன்ற 998 சிசி டர்போ ஸ்லெட்டுகளை வாங்குகிறவர்களில் பலர் கணினியை மாற்றி எழுதி பூஸ்டை ஏற்றிவிடுவார்கள். அப்போது மூடியில் உள்ள 91 செல்லாது. டியூன் செய்தவர் சொன்ன எண்தான் சட்டம். விற்றவரிடம் 'இதில் என்ன டியூன், எந்தப் பெட்ரோலுக்கு?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், தொழிற்சாலை டியூனுக்கே திருப்பி எழுதச் சொல்வதுதான் என் சிபாரிசு.

ரேஸ் பெட்ரோலைக் கலப்பது எளிய கணக்கு. 30 லிட்டர் 91, 10 லிட்டர் 100 என்றால், 2,730-உம் 1,000-உம் சேர்ந்து 3,730. அதை 40-ஆல் வகுத்தால் 93 சொச்சம். தோராயம்தான், ஆனால் போதுமானது. இரண்டு எண்ணும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும், அதை மட்டும் பாருங்கள். ரேஸ் பெட்ரோல் டிரம்மில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கண்ணைக் கவரும் எண். ஏகேஐ எண் சின்ன எழுத்தில் இருக்கும்.

சின்ன விமானங்களுக்கு ஊற்றும் நீல நிற ஏவ்காஸைக் கலக்கும் பழக்கமும் உண்டு. நான் செய்வதில்லை. பெயரில் 'ஈயம் குறைவு' என்று இருந்தாலும் லிட்டருக்கு அரை கிராம்வரை ஈயம் இருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். அடர்த்தி கொஞ்சம் குறைவு, குளிரில் ஆவியாவதும் குறைவு. மைனஸ் 25-இல் ஸ்டார்ட் செய்து பார்த்தால் புரியும்.

கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் '30 பாயின்ட் ஏறும்' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பாயின்ட் என்பது 0.1. ஆக, 87 போய் 117 ஆகாது, மிஞ்சிப்போனால் 90.

படி 7: 87 மட்டுமே கிடைத்தால்

நடக்கும். வடக்கே போகப்போக இது நடந்தே தீரும். மூடியில் 91 'பரிந்துரை' என்று மட்டும் இருந்தால், டேங்க் காலியாகும்வரை காத்திருக்காமல், பாதி 91 இருக்கும்போதே 87 சேருங்கள். சரிபாதி கலந்தால் 89 ஆகிவிடும். அடுத்த பங்க் போய்ச் சேரத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். பூஸ்ட் ஏறாத அளவுக்கு விரலை மெதுவாக வைத்து ஓட்டுங்கள். ஏரியைப் பார்த்ததும் ஆசை வரும், அழுத்த வேண்டாம். ஆழமான பனியில் ஏற்றமும் வேண்டாம். அங்கே இன்ஜின் நிமிடக்கணக்கில் முழுப் பூஸ்டில் உழைக்கும். மஞ்சள் விளக்கு வந்தால் விரலை எடுத்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டுப் போங்கள்.

நல்ல பெட்ரோல் கிடைத்து நிரப்பியவுடனும் முறுக்க வேண்டாம். ஸ்லெட்டின் பெட்ரோல் பம்ப்பிலும் குழாய்களிலும் பழையது நிற்கும். நாலைந்து கிலோமீட்டர் நிதானமாகப் போன பிறகு அழுத்தலாம். ரேஸ் டியூனுக்கு மாற்றும்போதும் இதே வரிசைதான்: முதலில் பெட்ரோல், அப்புறம் டியூன்.

சீசன் முடிந்து கேனில் 91 மிஞ்சினால் அடுத்த டிசம்பருக்கென்று வைக்காதீர்கள். நான் காரில் ஊற்றித் தீர்த்துவிடுவேன். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் என்றால் காரிலும் ஊற்றக் கூடாது, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் போய்விடும். அதை ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.