டைட் எண்ட் செலக்‌ஷன்ல வருஷா வருஷம் நடக்குற அதே தப்புங்க

அமெரிக்கன் ஃபுட்பால்ல பிளாக்கும் பண்ணி கேட்சும் பிடிக்கிற பொசிஷன்தான் டைட் எண்ட். அங்க ப்ரோ லீக் என்எஃப்எல்ல வருஷா வருஷம் டீம்லாம் காலேஜ் பசங்கள வரிசையா எடுக்கறதுதான் டிராஃப்ட். 2017 என்எஃப்எல் டிராஃப்ட்ல டைட் எண்ட் மட்டும் மூணு பேர் முதல் ரவுண்டுல போனாங்க. ஓ.ஜே. ஹவர்ட் 19வது பிக், எவன் இங்ரம் 23, டேவிட் இன்ஜோக்கு 29. அதே டிராஃப்ட்ல அஞ்சாவது ரவுண்டு வரைக்கும் உக்காந்திருந்து 146வதா போன ஒருத்தன் அடுத்த வருஷமே கேட்ச் பிடிச்சு 1,377 யார்ட் எடுத்து அந்த பொசிஷனோட ரெக்கார்டையே உடைச்சான், ஜார்ஜ் கிட்டில். முன்னாடி போன மூணு பேரும் வேஸ்ட்னு சொல்ல வரல, இங்ரமும் இன்ஜோக்குவும் நல்லாவே ஆடிருக்காங்க, ஆனா கிட்டில எப்படிய்யா விட்டீங்கன்றதுதான் கேள்வி.

பதில் ரொம்ப சிம்பிள். அயோவா காலேஜ்ல நாலு வருஷத்துல அவன் பிடிச்சது மொத்தமே 48 கேட்ச். அந்த நம்பர பாத்துட்டு மூடி வச்சிட்டாங்க. அதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் அதுதான். அயோவால டைட் எண்டுன்னா முதல் வேலை பிளாக் பண்றது, அதாவது எதிர் டீம் ஆள தள்ளி மறிக்கிறது, பந்து வந்தா வரும், வராட்டி இல்ல. 48ன்றது அவன் பக்கம் எத்தன பந்து வந்துச்சுன்னு சொல்ற கணக்கு, அவனால என்ன முடியும்னு சொல்ற கணக்கு இல்ல. இத்தனைக்கும் டிராஃப்டுக்கு முன்னாடி டீம்கள் முன்னால நடக்குற கம்பைன் டெஸ்ட்ல 40 யார்ட 4.52 செகண்ட்ல ஓடி காட்டினான், எல்லார் கண்ணு முன்னாடியும்.

சரி இதுலேர்ந்தாவது கத்துக்கிட்டாங்களான்னா, 2023ல அதே காலேஜ்லேர்ந்து சாம் லபோர்ட்டா. காலேஜ் மொத்தத்துக்கும் 5 டச்டவுன்தான் (பந்தோட எதிர் டீம் எல்லைக்கோட்ட தாண்டி ஸ்கோர் பண்றது), கடைசி வருஷம் ஒண்ணே ஒண்ணு, ஏன்னா அந்த வருஷம் அயோவா அஃபென்ஸ் அவ்ளோ கொடுமையா இருந்துச்சு. டெட்ராய்ட் 34வது பிக்ல எடுத்துச்சு, முதல் சீசன்லயே 86 கேட்ச், 10 டச்டவுன்.

புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, டைட் எண்ட் நம்ம கிரிக்கெட்ல விக்கெட் கீப்பர் மாதிரி. ரெண்டு வேலை. ஒரு ப்ளேல (கிரிக்கெட்ல ஒரு பால் மாதிரி) எதிர் டீம் லைனோட ஓரத்துல நிக்கிற 120 கிலோ டிஃபென்சிவ் எண்ட தள்ளணும், அடுத்த ப்ளேல ரிசீவர் மாதிரி ஓடி கேட்ச் பிடிக்கணும். பேட்டிங் ஆவரேஜ மட்டும் பாத்து கீப்பர எடுத்தா என்ன ஆகுமோ அதான் இங்கயும் ஆகுது.

அதனால கேட்ச் வீடியோ பாக்குறதுக்கு முன்னாடி அவன் எங்க நிக்கிறான்னு பாருங்க. பிளாக் பண்ற லைனோட கடைசி ஆளான டாக்கிளுக்கு பக்கத்துல கைய தரைல ஊன்றி நிக்கிறானா, இல்ல தள்ளி, லைனுக்கும் ஓரத்து ரிசீவருக்கும் நடுவுல இருக்கற ஸ்லாட்ல நின்னுக்கிட்டு பேருக்குத்தான் டைட் எண்டா. லைன்ல நிக்கிறான்னாலும் யார பிளாக் பண்றான்னு பாக்கணும், குறுக்கால ஓடி வந்து பாக்காம நிக்கிற ஆள இடிக்கிறது ஈஸி, ஹைலைட்ல செமயா இருக்கும், நேருக்கு நேரா ஒரு டிஃபென்சிவ் எண்ட ரெண்டு செகண்ட் தாங்கி நிக்கிறதுதான் கஷ்டம். அத ஹைலைட்ல யாரும் போட மாட்டாங்க. முழு மேட்ச் பாத்தாதான் தெரியும், அதுவும் பந்து இவன் பக்கமே வராத ப்ளேங்கள.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு, லைன்ல நின்னு அடிக்கிற சைஸ் இல்லன்னு ஆளயே ஒதுக்குறது. பிராக் பவர்ஸ் ஆறடி மூணு இன்ச், சின்ன ஆளுன்னாங்க, 40 யார்டும் ஓடிக் காட்டல. 2024ல 13வது பிக்ல ரெய்டர்ஸ் எடுத்துச்சு, முதல் சீசன்லயே 112 கேட்ச், 1,194 யார்ட், 1961லேர்ந்து நின்ன மைக் டிட்காவோட ரூக்கி (முதல் வருஷ ஆள்) டைட் எண்ட் யார்டேஜ் ரெக்கார்ட் காலி. எடுக்குற டீம் அவன எங்க நிக்க வைக்கப் போகுதுன்னு தெரியாம சைஸ் பத்தி பேசி பிரயோஜனம் இல்ல.

அடுத்தது காலேஜ் ஆட்டத்தையும் ப்ரோ ஆட்டத்தையும் ஒண்ணா நினைக்கிறது, இத பத்தி யாருமே பேசுறதில்ல, எனக்கு இதுலதான் ரொம்ப கடுப்பு. காலேஜ் கிரவுண்டுல நடுவுல இருக்கற ஹேஷ் கோடு ரெண்டுக்கும் நடுவுல 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 இன்ச்தான். ஒவ்வொரு ப்ளேயும் அந்த ரெண்டு கோட்டுக்குள்ள இருந்துதான் ஆரம்பிக்கும். அதாவது காலேஜ்ல பந்து ஒரு ஓரத்துல இருந்தா மறுபக்கம் மைதானமே காலியா கெடக்கும், அங்க ஒரு டைட் எண்ட் ஓடுனா அவன பிடிக்க ஆளே இருக்காது. அது மட்டுமில்ல, காலேஜ்ல பாஸ் போடும்போது பிளாக் பண்ற லைன்மேன் மூணு யார்ட் வரைக்கும் முன்னாடி போகலாம், என்எஃப்எல்ல ஒரு யார்ட்தான், அதனால காலேஜ்ல ரன்னா பாஸான்னு கடைசி நிமிஷம் வரைக்கும் டிஃபென்ஸ் லைனுக்கு பின்னாடி நிக்கிற லைன்பேக்கருக்கு புரியாது, அவன் ரன்னுன்னு நம்பி முன்னாடி வந்துடுவான், டைட் எண்ட் அவன் முதுகுக்கு பின்னாடி சும்மா நின்னு கேட்ச் பிடிப்பான். அந்த மாதிரி 30 கேட்ச கழிச்சிட்டு மிச்சம் என்னன்னு பாருங்க. ஒரு ஆள் மேலயே ஒட்டிக்கிட்டு வரும்போது பிடிச்சது எத்தன, அதுதான் என்எஃப்எல்லுக்கு கூட வரும்.

கம்பைன் டைம் பத்தி சொல்லாம விட முடியாது. வெர்னன் டேவிஸ் 2006ல 4.38 ஓடினான், ஆறாவது பிக். பெரிய ஆளாதான் வந்தான், ஆனா 13 டச்டவுன் அடிச்ச அந்த சீசன் வர்றதுக்கு 2009 ஆச்சு. ஸாக் எர்ட்ஸ் 4.76தான் ஓடினான், இந்த பொசிஷனுக்கே ஸ்லோன்னு சொல்ற டைம், 2018ல 116 கேட்ச், அப்போ அது டைட் எண்டுக்கு ரெக்கார்ட். இவங்க ஓடுற ரூட்ல பாதி எட்டு பத்து யார்ட்ல நின்னு திரும்புறது, அங்க எவ்ளோ சீக்கிரம் பிரேக் போட்டு திரும்புறான்றதுதான் முக்கியம், ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு நேர்க்கோட்டுல ஓடுற டைம் இல்ல.

வயசையும் பாக்கணும். 2018ல பால்டிமோர் ஒரே டிராஃப்ட்ல ரெண்டு டைட் எண்ட் எடுத்துச்சு. முதல்ல 25வது பிக்ல ஹேடன் ஹர்ஸ்ட், பேஸ்பால் ஆடிட்டு லேட்டா வந்தவன், அப்பவே 24 வயசு. அப்புறம் 86வது பிக்ல மார்க் ஆண்ட்ரூஸ், 22. ரெண்டே சீசன்ல ஹர்ஸ்ட அட்லாண்டாக்கு தள்ளி விட்டாங்க, ஆண்ட்ரூஸ் 2021ல 1,361 யார்ட் எடுத்தான். வயசு மட்டுமே காரணம்னு நான் சொல்லல, ஆனா தன்னவிட மூணு வயசு சின்னப் பசங்கள காலேஜ்ல ஒருத்தன் தள்ளிக்கிட்டு போறான்னா அத அப்படியே நம்பக் கூடாது.

பாஸ்கெட்பால் கதையும் அப்படித்தான். அன்டோனியோ கேட்ஸ் காலேஜ்ல பாஸ்கெட்பால் மட்டும் ஆடி, ஒரு ஃபுட்பால் மேட்ச் கூட ஆடாம, டிராஃப்ட்லயும் யாரும் எடுக்காம வந்து 116 டச்டவுன் அடிச்சான், ஜிம்மி கிரஹாமும் காலேஜ்ல ஒரே ஒரு வருஷம் ஃபுட்பால் ஆடிட்டு வந்தான். அதுக்கப்புறம் உயரமா எவன் பாஸ்கெட்பால் ஆடிருந்தாலும் அடுத்த கேட்ஸ்னு ஆரம்பிச்சிடறாங்க. அப்படி வந்து காணாம போனவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல, அவ்ளோதான்.

கடைசியா, எடுத்த மறு வருஷமே தீர்ப்பு எழுதுறது. லபோர்ட்டா, பவர்ஸ் வந்ததுக்கப்புறம் இந்த வியாதி ஜாஸ்தியாயிடுச்சு. ட்ரே மெக்பிரைட் 2022ல 55வது பிக், அந்த டிராஃப்ட்ல முதல்ல போன டைட் எண்டே அவன்தான், முதல் சீசன் 29 கேட்ச், 265 யார்ட். அரிசோனா ஏமாந்துடுச்சுன்னு சொன்னவங்க உண்டு, ஒத்துக்கறேன், நானும் அதுல ஒருத்தன். மூணாவது சீசன்ல 111 கேட்ச் பிடிச்சான்.