வேஃபர் எண்ணைப் படிக்க வைப்பது எப்படி?

சிப் செய்யப் பயன்படும் மெல்லிய சிலிக்கான் வட்டுதான் வேஃபர்; அதில் அடையாள எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை லேசர்தான் படிக்கிறது என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். லேசரின் வேலை எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. சிலிக்கானைப் புள்ளி புள்ளியாக உருக்கி எண்ணைப் பொறிப்பது மட்டும்தான் அது. படிப்பது கேமராவும் எல்இடி விளக்கும். வேஃபரை எப்படிக் கையாள்வது என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: எந்தக் குறி?
கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகள் என்றால் அநேகமாக அது செமி (சிப் துறையின் தர அமைப்பு) வகுத்த எம்12 அல்லது எம்13. 300 மி.மீ. வேஃபரின் பின்பக்கம், நாட்ச் (விளிம்பில் உள்ள சிறு வெட்டு) அருகே சின்னச் செவ்வகமாகப் புள்ளிக்கூட்டம் தெரிந்தால் அது செமி டி7. 8-க்கு 32 கட்டம் கொண்ட டேட்டா மேட்ரிக்ஸ், அதாவது கியூஆர் கோடு மாதிரியான குறியீடு. இரண்டும் இருந்தால் நான் டி7 பக்கம்தான். சில புள்ளிகள் அழிந்துபோனாலும் உள்ளேயே இருக்கும் பிழைதிருத்தம் எண்ணை மீட்டுக் கொடுத்துவிடும்.

படி 2: நாட்சைத் திருப்புங்கள்
அலைனர் (வேஃபரைச் சுழற்றி நேராக்கும் கருவி) நாட்சைக் கண்டுபிடித்து, குறியைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுவரட்டும். அவ்வளவுதான்.

படி 3: வெளிச்சம்
பாதி நாளை விழுங்கும் இடம் இது. மெருகேற்றிய சிலிக்கான் கண்ணாடி மாதிரி. கேமரா பார்க்கும் திசையிலேயே ஒளியை அனுப்பினால் (பிரைட் ஃபீல்டு) பரப்பு வெள்ளையாகவும், ஒளியைச் சிதறடிக்கும் புள்ளிகள் கறுப்பாகவும் தெரியும். ஒளியைச் சாய்வாக அனுப்பினால் (டார்க் ஃபீல்டு) பரப்பில் பட்ட ஒளி கேமராவுக்கு வராமல் விலகிப் போய்விடும். புள்ளிகளின் விளிம்பு மட்டும் கறுப்புப் பின்னணியில் மின்னும். ஆழமில்லாத குறிக்கு முதலில் டார்க் ஃபீல்டைப் போட்டுப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் சர்க்யூட் கோடுகள் இருந்தால் அவையும் சேர்ந்து மின்னும். அப்போது பிரைட் ஃபீல்டே தேவலை.

மங்கலாக இருக்கிறதே என்று எக்ஸ்போஷரை (கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை) ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 8 எது, B எது என்று மென்பொருளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கே தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நிற்க வேண்டும். அதுவரை மென்பொருள் அமைப்புகளில் கை வைக்கவே வேண்டாம்.

படி 4: செக்சம்
எம்12, எம்13 எண்களின் கடைசி இரண்டு இடம் சரிபார்ப்புக்கு; மற்ற எழுத்துகளிலிருந்து கணக்கிட்டு வைக்கும் இதுதான் செக்சம். முதலாவது A முதல் H வரை, இரண்டாவது 0 முதல் 7 வரை மட்டுமே வரும். இந்தக் கட்டுப்பாட்டை ரீடரில் (எண்ணைப் படிக்கும் கேமரா கருவியில்) போட்டுவிட்டால் அந்த இடங்களில் B-யை 8 என்று வாசிக்கும் தொல்லை இல்லை. எவ்வளவு தெளிவாகப் படித்தது என்று ரீடர் காட்டும் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், செக்சம் ஒத்துப்போகாத எண்ணை நான் ஏற்க மாட்டேன்.

பின்சேர்க்கை: ‘புது வேஃபரில் படித்தது, ஆக்சைடு படலம் போட்டதும் படிக்கவில்லை’ என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் குறிப்பிட்ட நிறத்தில் பரப்பே இருண்டுவிடும். சிவப்பில் தெரியாதது நீலத்தில் தெரியலாம். விளக்கின் நிறத்தை மாற்றக்கூடிய ரீடர் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். நிறத்துக்கு ஒன்றாக அமைப்புகளைச் சேமித்து, ஒன்று தோற்றால் அடுத்தது என்று வரிசையாக முயல விடுங்கள்.

இன்னொன்று: பின்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கிய பிறகு டி7-ஐத் தேடாதீர்கள், குறியும் சேர்ந்தே தேய்ந்து போயிருக்கும். தேய்ப்பதற்கு முன்பே படித்து, வேஃபரை ஒட்டும் ஃபிரேமின் பார்கோடோடு இணைத்து வைத்துவிடுங்கள்.