பில் என்னும் பொல்லாத சொல்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிக ஆவணங்களையும் சட்டக் குறிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். இப்போது புதியவர்களின் கைப்படிகளைத் திருத்தும் வேலையும் அதனோடு சேர்ந்துகொண்டது. எங்கள் தலைமுறை மொழிபெயர்ப்பாளர்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் வரிசை மாறாமல் விழுகிறார்கள். அதிகம் பேரைக் கவிழ்ப்பது ‘பில்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல். பெட்டிக்கடை முதல் நாடாளுமன்றம் வரை புழங்கும் சொல் என்பதால் அதற்காக யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

பறவையின் அலகுக்கும் ஆங்கிலத்தில் ‘பில்’ என்றே பெயர் என்பது தெரியாமல் நாரையின் அலகை ரசீது ஆக்குவது போன்ற வேடிக்கைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் படிப்பவரே சிரித்துத் திருத்திக்கொள்வார். படிக்கும்போது சரியாகவே தோன்றி, அச்சேறிய பிறகு யாரோ ஒருவரின் பணத்திலோ பெயரிலோ கைவைக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பில்லும் ரசீதும்

பில் பணம் கேட்கும். ரசீது பணம் வந்துவிட்டது என்று சொல்லும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மசோதாவைச் சட்டம் ஆக்குவது, சட்டத்தை மசோதா ஆக்குவது

இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கும்வரை அது மசோதா. தமிழ்நாடு சட்டமன்ற ஆவணங்களில் சட்டமுன்வடிவு என்று பார்க்கலாம். ஓர் அவையில் நிறைவேறியதுமே ‘சட்டம் வந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. அத்தோடு நின்றுவிட்டது. நான் திருத்திய கட்டுரையொன்றில் அது ‘2015ஆம் ஆண்டுச் சட்டம்’ ஆகியிருந்தது. இன்று நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டம் அரசு தனியாகக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமாகவில்லை என்பது தெரிந்திருந்தால், எழுதும்போதே கை நின்றிருக்கும்.

எதிர்த்திசையில் நடக்கும் தவறு இன்னும் பரவலானது. ‘பில் ஆஃப் ரைட்ஸ்’ என்று கண்டால் உடனே ‘உரிமைகள் மசோதா’. இங்கிலாந்தில் 1689இல் வந்தது முழுமையாக நிறைவேறிய சட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயர் குறிப்பது அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களை. அவை 1791இல் நடைமுறைக்கு வந்தன. முந்நூறு ஆண்டுப் பழைய சட்டம் இன்னும் விவாதத்துக்குக் காத்திருப்பதுபோல் ஏன் எழுத வேண்டும்? உரிமைச் சாசனம் என்று எழுதினால் போதும்.

பண மசோதா, நிதி மசோதா

இரண்டும் ஒன்று என்று எண்ணி மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அரசமைப்பின் 110ஆவது பிரிவில் வரையறுக்கப்பட்ட விஷயங்களை மட்டுமே கொண்டது பண மசோதா. அதை மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். பரிந்துரை செய்யலாம், தடுக்க முடியாது. அது பண மசோதாதானா என்று முடிவு செய்பவர் மக்களவைத் தலைவர். நிதி மசோதா என்ற பெயர் இருப்பதாலேயே இந்தச் சலுகை கிடைத்துவிடாது. ஒரு சொல் மாறினால் மாநிலங்களவையின் அதிகாரமே மாறிவிடும்.

கப்பலில் ஏறும் பில்

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இது. ‘பில் ஆஃப் லேடிங்’ என்ற ஆவணத்தைப் பணம் கேட்கும் பில்லாக மாற்றிவிடுவது.

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று, புதிய ஊழியர்களுக்கான கையேட்டைத் தமிழில் கேட்டது. இளைஞர் ஒருவர் மொழிபெயர்த்தார். மொழிநடை நன்றாகவே இருந்தது; சொல்லப்போனால் மூலத்தைவிட ஓட்டமாக இருந்தது. பில் ஆஃப் லேடிங் வரும் இடங்களில் எல்லாம் ‘கப்பல் கட்டண பில்’ என்று எழுதியிருந்தார். கையேடு என் கைக்கு வராமலே அச்சாகிவிட்டது.

கையேட்டில் இருந்த வரி இது: ‘கப்பல் கட்டண பில் வந்ததும் மற்ற ஆவணங்களோடு வங்கியில் ஒப்படைக்கவும்.’ வேலைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா யோசித்தார். எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையான செலவை மட்டும் விற்பவர் ஏற்கும் விலையில், போகும் சரக்குக்குக் கப்பல் கட்டணம் செலுத்த வேண்டியவர் வாங்குபவர். அந்தக் கட்டண பில் வங்கிக்கு எதற்கு? கட்ட வேண்டியவருக்கு அல்லவா போக வேண்டும்? கையேட்டில் ஏதோ பிசகு என்று நினைத்து, மூன்று அசல் படிகளையும் கூரியரில் நேரே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமே இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தமிழை வைத்துக்கொண்டு அவர் சரியாகத்தான் சிந்தித்திருக்கிறார்.

வாங்குபவர் அந்த அசலைத் துறைமுகத்தில் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். பணம் கேட்டபோது தையல் சரியில்லை, சாயம் சரியில்லை என்று பேரம் தொடங்கியது. கடைசியில் விலையைக் குறைத்துக்கொண்டுதான் நிறுவனம் காசைப் பார்த்தது.

ஏன் இப்படி ஆனது என்று புரிய வேண்டுமானால் அந்தக் காகிதம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். கப்பல் நிறுவனமோ அதன் முகவரோ கொடுக்கும் ஆவணம் அது. சரக்கு எங்கள் கைக்கு வந்தது என்ற ஒப்புகை. இன்ன துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்போம் என்ற ஒப்பந்தத்துக்குச் சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சரக்கின் உரிமை ஆவணம். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் நீட்டுபவருக்கே வண்டி கிடைப்பதுபோல, முறைப்படி மேலெழுத்து (உரிமையை மாற்றித்தரும் கையொப்பம்) பெற்ற அசலை நீட்டுபவருக்குத்தான் கன்டெய்னர். அதனால்தான் அதை வங்கி வழியாக அனுப்புகிறார்கள்: வாங்குபவர் அவருடைய ஊர் வங்கியில் பணம் கட்டினால் அசல் அவர் கைக்குப் போகும், கட்டாவிட்டால் போகாது. பொதுவாக மூன்று அசல்கள் தரப்படும். அவற்றில் ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாக்காசு. ஏற்றுமதியாளர் கையில் இருக்கும் கடைசிப் பிடி அந்தக் காகிதம்தான். அதைப் போய் ‘கட்டண பில்’ என்று எழுதினால்?

அந்த இளைஞரிடம் கேட்டபோது, ‘அதில் கட்டண விவரமும் இருக்கிறதே’ என்றார். இருக்கிறது. கட்டணம் புறப்படும் இடத்தில் செலுத்தப்பட்டதா, போய்ச் சேரும் இடத்தில் வசூலிக்கப்பட வேண்டுமா என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பத்திரத்தில் முத்திரைத்தாளின் விலை அச்சாகியிருக்கிறது என்பதற்காக அதை விலைச்சீட்டு என்று யாரும் அழைப்பதில்லை.

என்ன எழுதலாம்? சரக்கேற்றச் சீட்டு என்று எழுதி, முதல்முறை வரும் இடத்தில் ‘சரக்கின் உரிமை ஆவணம்’ என்ற விளக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். படிப்பவர் துறைமுகத் தொழிலில் இருப்பவர் என்றால் பி.எல். என்றே எழுதுங்கள். அவர்கள் வாயில் இருப்பது அதுதான். தமிழ்ச்சொல் வேண்டும் என்ற ஆசையில் அவர்களுக்குப் புரியாத ஒன்றைச் செய்வதில் பெருமை இல்லை.

இதே சரக்கைச் சுற்றி இன்னும் எத்தனை பில்கள் திரிகின்றன என்று பாருங்கள். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்வது ‘ஷிப்பிங் பில்’. அது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. இறக்குமதிக்குத் தாக்கல் செய்வது ‘பில் ஆஃப் என்ட்ரி’. அது 46ஆவது பிரிவு. இரண்டும் அறிவிப்புகள், கப்பல் நிறுவனம் தருபவை அல்ல. ‘ஷிப்பிங்’ என்ற சொல்லைப் பார்த்து முதலாவதைப் பி.எல்.லோடு குழப்புபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கு லாரி போகும்போது ஓட்டுநரிடம் இருப்பது ‘இ-வே பில்’. ஜி.எஸ்.டி. முறையில், பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகரும்போது வேண்டிய மின்வழிச் சீட்டு அது. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் பணம் கேட்க முடியாது.

விமானத்தில் போனால் ‘ஏர்வே பில்’. பெயரைப் பார்த்து இதுவும் பி.எல்.லின் தம்பி என்று நினைத்து, ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டுக்கும் போடுகிறார்கள். இது உரிமை ஆவணமே அல்ல. அதில் பெறுநராகப் பெயர் குறிக்கப்பட்டவர் தன்னை அடையாளம் காட்டினால் சரக்கு அவர் கைக்குப் போகும். அசலைக் கொடுக்க வேண்டியதில்லை. எனவே பணம் வரும்வரை பிடித்துவைக்க நினைப்பவர்கள் பெறுநராக வங்கியின் பெயரை எழுதுவதுண்டு. அதற்கு வங்கி முன்பே சம்மதித்திருக்க வேண்டும். கடலுக்கும் வானுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

‘பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்’ வேறு. இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடு என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுத்தில் இடும் நிபந்தனையற்ற கட்டளை. பாடநூல்களில் மாற்றுச்சீட்டு, பழைய வணிகத் தமிழில் உண்டியல். நம் காசோலையும் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, வங்கியின்மீது எழுதப்படும் ஒரு மாற்றுச்சீட்டுதான். இலங்கையில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான ‘ட்ரெஷரி பில்’லைத் திறைசேரி உண்டியல் என்பார்கள். இங்கே ரிசர்வ் வங்கி 91, 182, 364 நாள் தவணைகளில் ஏலம் விடுவதும் அந்த வகைதான். உண்டியல் என்றதும் கோயிலை மட்டும் நினைத்து அந்தச் சொல்லை ஒதுக்குபவர்கள், செட்டிநாட்டு வணிகர்களின் பழைய கணக்கேடுகளைப் பார்க்கட்டும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிசூட்டியதுபோல 2024இல் மக்களவைக்கு வந்தது ‘பில்ஸ் ஆஃப் லேடிங் பில்’. 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 2025இல் சட்டமானது. ஒரே தலைப்பில் இரண்டு பில். முதலாவது கப்பலுடையது, இரண்டாவது மசோதா. மாணவர்களுக்குத் தேர்வு வைப்பதென்றால் நான் கொடுக்கும் முதல் கேள்வி இந்தத் தலைப்புதான்.

சுத்தமான பில்

‘கிளீன்’ என்ற அடைமொழி சேர்ந்தால் ‘சுத்தமான சீட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். சரக்கோ அதன் கட்டோ சேதமுற்றிருப்பதாகக் கப்பல் தரப்பு எந்தக் குறிப்பும் எழுதாத பி.எல். என்பதே பொருள். மூட்டை நனைந்திருந்தது என்று ஒரு வரி இருந்தால் வங்கி வாங்காது. ‘மாசுக் குறிப்பற்ற’ என்று எழுதுங்கள். ‘கிளீன் பில் ஆஃப் ஹெல்த்’ என்று உடல்நலத்தோடு சேர்ந்து வரும்போது அது உருவகம்: தொற்றுநோய் இல்லாத துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலுக்கு ஒருகாலத்தில் அப்படி ஒரு சான்று கொடுத்தார்கள். இன்றைய செய்தியில் ‘நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் தெரிவித்தனர்’ என்றால் முடிந்தது. பில்லும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

ஒப்பந்தக்காரரின் பில்

‘பில் ஆஃப் குவான்டிட்டிஸ்’ வேலை தொடங்கும் முன்பே எழுதப்படுவது. வேலை அளவுப் பட்டியல்.

அமெரிக்கரின் பில்

நோட்டு. நூறு டாலர் நோட்டு.

பறவைகளின் பில்

அலகு என்று எல்லோருக்கும் தெரியும், சிக்கல் பெயர்களில்தான். பறவைப் பெயரைத் துண்டு துண்டாக மொழிபெயர்ப்பவர்கள் ‘கரண்டி அலகு’, ‘கொம்பு அலகு’, ‘திறந்த அலகு நாரை’ என்று எழுதித்தருகிறார்கள். முதலாவது கரண்டிவாயன். இரண்டாவது ஆனைமலைக் காட்டில் பறக்கும் இருவாட்சி. மூன்றாவது நத்தைக்குத்தி நாரை. ஆங்கிலக்காரர் அதன் அலகின் நடுவே தெரியும் இடைவெளியைப் பார்த்துப் பெயர் வைத்தார். நம் ஊரார் அது நத்தையைக் குத்தித் தின்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மன்னார் வளைகுடாவில் ‘ஹாக்ஸ்பில்’ ஆமைக்குப் ‘பருந்தலகு ஆமை’ என்று புதிதாகப் பெயர் சூட்டுவதும் வீண்வேலை. மீனவர்கள் அதை அழுங்காமை என்பார்கள்.

பெரிய எழுத்தில் தொடங்கும் பில்

வில்லியம் என்ற பெயரின் சுருக்கம். வாக்கியத்தின் முதல் சொல்லாக நின்று குழப்பினால் இரண்டு வரி மேலே போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாண்ட் பில் மட்டும் ஆளும் அல்ல, ஆவணமும் அல்ல. கலங்கரை விளக்கம் நிற்கும் ஒரு நிலமுனை.