எடையைக் குறைக்க விரும்பும் பெண்களுக்கு: பட்டினி கிடக்காத உணவுமுறை, படிப்படியாக

எடை குறைக்கத் தொடங்கும் பெண்கள் பலரும் முதல் நாளே காலை உணவை விட்டுவிடுகிறார்கள், மதியம் கால் வயிற்றுக்குச் சாப்பிடுகிறார்கள். நான்காம் நாள் மாலை பசி தாங்காமல் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, தனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை என்று நொந்துகொள்கிறார்கள். மனக்கட்டுப்பாட்டைப் பழிக்க வேண்டியதில்லை. தட்டில் புரதமும் நார்ச்சத்தும் போதவில்லை, அவ்வளவுதான். பசியை அடக்காமல், பசி எடுப்பதைத் தள்ளிப்போடும்படி தட்டை மாற்றுவதுதான் இந்த முறை. எல்லாப் படிகளையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

தொடங்கும் முன்

கர்ப்பமாக இருக்கும்போது எடைக் குறைப்பில் இறங்கவே கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் வைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். முதலில் மருந்தின் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். காரணமே தெரியாமல் எடை ஏறுகிறது, கூடவே ஓயாத அசதி, முடி கொட்டுதல், தள்ளிப்போகும் மாதவிடாய் என்றால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் சமநிலை குலைந்து மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகும் கோளாறு) இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொண்ட பிறகு தொடங்குங்கள்.

படி 1: இரண்டு அளவுகள்

எடையைக் காலையில், கழிப்பறை போய் வந்த பிறகு, எதையும் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். அடுத்து டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் இடுப்புச் சுற்றளவைக் குறியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். இது உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது: 160 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ.க்குள்.

இலக்கைச் சிறிதாக வையுங்கள். 68 கிலோ இருப்பவருக்கு முதல் இலக்கு 5 சதவீதம், அதாவது 3.4 கிலோ. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படும், பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு மாதவிடாயும் சீராகும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மிக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

படி 2: மூன்று நாள் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும், வாய்க்குள் போனதையெல்லாம் எழுதுங்கள். சமைப்பவர்கள் தவறவிடுவது தட்டுக்கு வராத சாப்பாட்டை: ருசி பார்த்த இரண்டு கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த நாலு வாய், வீணாகக் கூடாதென்று பாத்திரத்தின் அடியில் வழித்துச் சாப்பிட்டது. ஒரு நாளில் இது ஒரு சின்ன வேளைச் சாப்பாட்டின் அளவுக்கு வந்துவிடும். எழுதிய பிறகே இது கண்ணில் படும். மிச்சத்தை மூடி எடுத்துவைக்க ஒரு டப்பாவை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். 15 மி.லி. கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. வாணலிக்கு மேல் பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றும்போது, ஒரு கரண்டி என்று நினைப்பது மூன்று கரண்டியாக விழுவது சாதாரணம். நீங்கள் ஊற்றும் அளவை ஒரு முறை காலிக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் அளந்து பாருங்கள்.

செய்ய வேண்டியது இது: ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 தேக்கரண்டி, அதாவது 20 மி.லி. வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் 80 மி.லி. அதைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு, அன்றைய சமையல் முழுவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். வெங்காயம் அடிப்பிடித்தால் இன்னும் எண்ணெய் விடாமல், ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். எண்ணெயே இல்லாமல் சமைப்பதும் தவறு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை உடல் ஈர்த்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். சாப்பிட்ட நிறைவுக்கும் அது உதவும்.

சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்; 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அது சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். தேநீரில் ஒரேயடியாக நிறுத்தினால் நான்கு நாளில் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

படி 4: தட்டை நிரப்பும் வரிசை

சுமார் 23 செ.மீ. அகலத் தட்டு எடுங்கள். முதலில் பாதித் தட்டுக்குக் காய்கறி, கீரை. பிறகு கால் பங்கு புரதம். கடைசியாக மிஞ்சும் கால் பங்கில்தான் சோறு, ரொட்டி போன்ற மாவுப் பண்டம். சோற்றை முதலில் போட்டால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது. உருளைக்கிழங்கு காய்கறிப் பாதியில் சேராது. அது மாவுப் பங்கு. ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம், சுமார் 200 கலோரி.

புரதத்தில் கவனம் வையுங்கள், இந்த முறையின் முதுகெலும்பு அதுதான். உணவைக் குறைக்கும்போது உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் இந்தத் தசை இழப்பு இன்னும் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வையுங்கள். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம், வேளைக்கு 20 முதல் 24 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த பருப்பு, கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9. தயிர் 100 கிராமில் 3 முதல் 4. சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 30. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் தண்ணீராகக் கரைத்த பருப்பை இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் புரதம் வந்துவிட்டது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அதில் 3 கிராம் இருந்தாலே பெரிது. கெட்டியான பருப்பு ஒரு கப், கூடவே ஒரு கப் தயிர் என்று வைத்தால்தான் கணக்கு எட்டும்.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராம் வேண்டும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும்; பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கப் காய் என்று கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

படி 5: மாலை நேரம்

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் ஏழெட்டு மணி நேர இடைவெளி இருந்தால் நடுவில் ஒன்று சாப்பிடுவதே சரி: ஒரு முழுப் பழத்தோடு 150 கிராம் தயிர், அல்லது 30 கிராம் கொட்டைகள். கொட்டைகளைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே சாப்பிட வேண்டாம். 30 கிராமிலேயே 170 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பாக்கெட்டை மூடுங்கள்.

தேநீரும் காபியும் சாப்பாட்டோடு வேண்டாம். அவை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாதவிடாயில் இரும்பை இழக்கும் பெண்கள் உணவையும் குறைக்கும்போது ரத்தசோகை எளிதில் வரும். பருப்பு, கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும். அன்று சாப்பாட்டை வெட்டாதீர்கள், வழக்கமான தட்டையே சாப்பிடுங்கள்.

படி 6: எடை எந்திரத்தைப் படிப்பது

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தேங்கி, எடை 1 முதல் 2 கிலோ வரை ஏறலாம். மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு கிலோ கொழுப்பைக் குறைத்தவருக்கு அந்த வாரம் எந்திரம் ஒரு கிலோ கூடுதலாகக்கூடக் காட்டும். இதைப் பார்த்து மனம் உடைந்து நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள்: மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாள் என்றால், அடுத்த மாதமும் ஏழாம் நாள். மாதவிடாய் நின்றவர்கள் நான்கு வார சராசரியைப் பார்க்கலாம். முதல் வாரத்தில் சட்டென்று இறங்குவதும் பெரும்பாலும் நீர்தான். உடல் சேமித்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் இருக்கிறது. அது கரையும்போது நீரும் போகிறது.

ஒரு முழுச் சுழற்சிக்குப் பிறகும் எடை, இடுப்பளவு இரண்டும் அசையவில்லை என்றால் முதலில் எண்ணெயைத் திரும்ப அளந்து பாருங்கள். கை பழையபடி தாராளமாகியிருக்கும். அது சரி என்றால் ஒவ்வொரு வேளையிலும் சோற்றைக் கால் கப் குறையுங்கள். புரதத்தில் கை வைக்க வேண்டாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 1200 கலோரிக்குக் கீழே போகவே வேண்டாம்.

தலைசுற்றல், மாதவிடாய் தவறுதல், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக முடி கொட்டுதல் ஆகியவை அளவுக்கு மீறிக் குறைத்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே சாப்பாட்டைக் கூட்டி, மருத்துவரைப் பாருங்கள்.

இலக்கை எட்டியதும் பழைய தட்டுக்கு ஒரே நாளில் திரும்பினால் எடையும் திரும்பும். மெலிந்த உடலுக்கு முன்பைவிடக் குறைந்த கலோரியே போதும். நாளுக்கு அரைக் கப் சோறு, அதாவது 100 கலோரி மட்டும் கூட்டி, அடுத்த சுழற்சியின் அதே நாள் வரை பாருங்கள். எடை இன்னும் இறங்கினால் மேலும் அரைக் கப்; நிலையாக நின்றால் அதுவே உங்கள் அளவு.