எலுமிச்சைதானே, என்ன ஆகிவிடும்? வீட்டுச் சுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் வேலை பழக வந்த பெண், மூன்றாம் நாளே குளியலறையில் பாதி எலுமிச்சையோடு நின்றுகொண்டிருந்தாள். வாஷ்பேசினைச் சுற்றி வெள்ளை மார்பிள். குழாயின் அடியில் உப்புக்கறை. அவள் கைக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தபோது மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "எலுமிச்சைதானே அக்கா, சாப்பிடுகிற பொருள். என்ன ஆகிவிடும்?" என்று கேட்டாள்.

14 ஆண்டுகளுக்கு முன், வீடுகளைச் சுத்தம் செய்யும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நானும் இதையேதான் நினைத்தேன். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். தரையைத் துடைத்த பிறகு ஒட்டடை அடிப்பது, கழிப்பறைத் துணியைச் சமையலறைக்குக் கொண்டுவருவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். முழு நம்பிக்கையோடு செய்துவிட்டு, பிறகு சேதத்தைப் பார்த்துத் திகைத்து நிற்க வைக்கும் தவறுகள்தான் எனக்கு முக்கியம்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது

சமையலறையில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். சிங்க்கில் சமையல் சோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றுவார்கள். நுரை பொங்கும். அழுக்கெல்லாம் கரைந்து வருவதாகத் தோன்றும். உண்மையில் அங்கே நடப்பது வேறு. வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் சேர்ந்த உடனே ஒன்றின் வேலையை மற்றொன்று முறித்துவிடும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அது அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான்.

கடையில் வாங்கும் சாதாரண வினிகரில் 5 சதவீதம் அமிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லியில் 5 கிராம். அதை முழுவதும் தீர்த்துக்கட்ட 7 கிராம் சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, போதும். நாம் தூவுவதோ கைநிறைய. வினிகரை வாங்கிச் சாக்கடையில் ஊற்றியதுதான் மிச்சம்.

சோடாவைத் தனியாகப் பயன்படுத்துங்கள்: ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் எவர்சில்வர் சிங்க்கில் ஒட்டிய அழுக்கு பெயரும், வாடையும் போகும். வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள்: குழாயில் படிந்த உப்பைக் கரைக்கும். ஒன்றை முடித்து, நன்றாகக் கழுவிவிட்டு, அடுத்ததைத் தொடலாம். இரண்டையும் கலந்து குப்பியில் ஊற்றி மூடி வைக்க மட்டும் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து குப்பி வெடித்துவிடும்.

நீர் இறங்காத சிங்க்குக்கும் இந்தக் கலவை மருந்தல்ல. எண்ணெய் உறைந்து அடைத்திருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிச் சுடுதண்ணீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் நெகிழ்ந்துவிடும். முடி அடைத்திருந்தால் கொக்கி விட்டு இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கில் வினிகர்

அமிலம் உப்புக்கறையைக் கரைக்கும், எண்ணெயைக் கரைக்காது. அடுப்பைச் சுற்றியுள்ள பிசுக்குக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். திரவத்தைப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பழகுபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பத்து நிமிடம்தான் பொறுக்க முடியாமல் போகிறது. ஊறாததைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வலிதான் மிஞ்சும்.

அலுமினியத்தில் சோடா

வேண்டாம். கருத்துப்போகும்.

கல்லில் அமிலம்

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வேலைக்கு வந்த முதல் ஆண்டு. ஒரு வீட்டின் குளியலறையில் வாஷ்பேசினைச் சுற்றி மார்பிள் பலகை பதித்திருந்தார்கள். குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. வேறொரு வீட்டில், வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டு எடுத்தபோது குழாய் புதிதுபோல மின்னியது நினைவுக்கு வந்தது. அதையே இங்கும் செய்தேன். துணியின் ஓரம் கல்லின்மேல் படிந்து கிடந்ததைக் கவனித்தேன், ஆனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

துணியை எடுத்தபோது குழாய் மின்னியது. அதைச் சுற்றிக் கல்லின்மேல் துணியின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. துணி மடங்கியிருந்த இடத்தில் ஒரு கோடு, நுனி தொங்கிய இடத்தில் ஒரு முக்கோணம். நேராகப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், பளபளக்கும் கல்லின் நடுவே சுண்ணாம்பு அடித்ததுபோல மங்கிய திட்டு. விரல் நுனியால் தடவினால் மற்ற இடம் வழவழப்பாகவும் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகவும் இருந்தது.

சோப்புப் படிவாக இருக்கும் என்று நினைத்து எலுமிச்சையை வெட்டித் தேய்த்தேன். திட்டு பெரிதானது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கல்லுக்கு மெருகேற்றும் ஆள் வந்து பார்த்துவிட்டு, "இது கறை இல்லை அம்மா. கறையென்றால் கல்லின்மேல் ஏதோ இருக்க வேண்டும். இங்கே கல்லே கொஞ்சம் போய்விட்டது" என்றார். அவர் மெருகேற்றிக் கொடுத்ததற்கு ஆன கூலி என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அவர் சொன்னதன் பொருள் பின்னால்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். குழாயடியில் படியும் உப்புக்கறையும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். அழுக்கும் கல்லும் ஒரே பொருள்! அமிலத்துக்கு எது அழுக்கு, எது கல் என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலக் கரைக்கும். மற்ற இடங்களில் உப்பை நீக்கும் அதே குணம்தான் இங்கே மெருகை அழிக்கிறது.

சாப்பிடுகிற பொருள் என்பதால் சாதுவான பொருள் என்றாகிவிடாது. நடுநிலையான தண்ணீரின் பி.எச். அளவு 7. வினிகர் ஏறத்தாழ 2.5, எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை. இந்த அளவில் ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். நாக்கு கூசுகிறதே, அதுவே எச்சரிக்கை.

"மேலே சீலர் பூசியிருக்கிறோம், எதுவும் ஆகாது" என்று வீட்டுக்காரர்களிடம் யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இந்த வாக்கியம்தான். வழக்கமாகப் பூசும் சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் சாயமும் இறங்குவதைத் தாமதப்படுத்தும். மேற்பரப்பில் விழும் அமிலத்தைத் தடுக்காது. சீலரை நம்பி வினிகரைத் தெளித்தவர்களின் கற்களை நான் பார்த்திருக்கிறேன், துளித் துளியாக அம்மைத் தழும்புபோல மங்கியிருக்கும்.

மார்பிளுக்கு மட்டுமல்ல, சுண்ணாம்புக்கல் வகை எதற்கும் இதே கதிதான். மொசைக் தரையில் மார்பிள் சில்லுகளும் சிமெண்டும் இருப்பதால் அங்கும் வினிகர் கூடாது. டைல்ஸ் இடுக்குகளில் பூசிய சிமெண்டையும் அமிலம் மெல்ல மெல்ல அரிக்கும். ஒரு முறையில் தெரியாது, வாரந்தோறும் ஊற்றினால் இடுக்கு குழிந்துவிடும். கிரானைட் வேறு இனம், மார்பிளைப்போல உடனே மங்காது. ஆனால் கிரானைட் என்று சொல்லப்படும் கல்லெல்லாம் கிரானைட் அல்ல.

எனவே கல்லின் பெயரைக் கேட்டு நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரே ஒரு துளி வினிகர். ஐந்து நிமிடம். துடைத்துக் காயவிட்டு, டார்ச் ஒளியைப் படுக்கைவாக்கில் அடித்துப் பாருங்கள். துளி விழுந்த இடம் மங்கியிருந்தால் அந்தக் கல்லுக்கு எந்த அமிலமும் ஆகாது. குமிழி வரவில்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. சில கற்களில் குமிழி தெரியாமலே மெருகு போகும்.

அப்படியானால் மார்பிளை எதைக் கொண்டு துடைப்பது? வெதுவெதுப்பான தண்ணீர், அதில் காரமோ அமிலமோ இல்லாத பாத்திரத் திரவம் சில சொட்டுகள், மென்மையான துணி. துடைத்த பிறகு வெறும் தண்ணீரால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. இந்தக் கடைசி முறையைத் தவறாமல் செய்தால் உப்புக்கறை படிவதே குறையும், ஏனென்றால் தேங்கிய தண்ணீர் காயும்போதுதான் உப்பு படிகிறது. ஏற்கெனவே படிந்ததை ஈரமாக்கி, பிளாஸ்டிக் தகட்டின் ஓரத்தால் பொறுமையாகச் சுரண்டலாம். எலுமிச்சையோ வினிகரோ கல்லில் சிந்திவிட்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடனே நிறையத் தண்ணீரால் துடையுங்கள். மங்கிய பிறகு எந்த வீட்டுப் பொருளாலும் அதைத் திருப்ப முடியாது. மெருகேற்றுபவரைத்தான் அழைக்க வேண்டும்.

பிளீச்சோடு எதையும் சேர்ப்பது

மேலே சொன்னது பணத்தோடு போகும். இது உயிரோடு விளையாடுவது. பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. பிளீச்சோடு எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், கழிப்பறைக்கான ஆசிட் எது சேர்ந்தாலும் இதுதான். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு.

ஒரே வாளியில் கலப்பது ஆபத்து என்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. கழிப்பறைக் கோப்பையில் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டு, சரியாகத் தண்ணீர் விடாமல் அதன்மேலேயே பிளீச்சை ஊற்றுவதும் அதேதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இருமலும் கண் எரிச்சலும் வந்தால் துடைத்து முடித்துவிடலாம் என்று நிற்காதீர்கள். உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். மூச்சு சிரமமாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று: அழுக்கின்மேல் பிளீச் ஊற்றினால் அதன் வலிமை அழுக்கிலேயே தீர்ந்துவிடும். முதலில் சோப்பால் கழுவுங்கள். கழுவித் தண்ணீர் விட்ட பிறகு பிளீச், குப்பியில் எழுதியிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும். தண்ணீர் கலந்த பிளீச்சை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், வீரியம் போயிருக்கும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் நேரடியாகத் தெளிப்பது

வழிந்த திரவம் கீழ்விளிம்பில் தேங்கி, பின்பக்கப் பூச்சுக்குள் ஏறும். சில ஆண்டுகளில் ஓரமெல்லாம் கரும்புள்ளி. திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். வெயில் அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியைத் தொடாதீர்கள். துடைப்பதற்குள் காய்ந்து கோடுகோடாக நிற்கும்.

தொலைக்காட்சித் திரையில் வினிகர்

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

மரச்சாமானுக்குச் சமையல் எண்ணெய்

அன்று மினுமினுக்கும். பத்து நாளில் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் அதில் ஒட்டும், பிறகு சிக்கு நாற்றம்.

மெத்தையை நனைப்பது

படுக்கையறையில் நடக்கும் பெரிய தவறு அவசரம்தான். இரத்தக் கறையைப் பார்த்ததும் வெந்நீரைத் தேடுகிறார்கள். இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் சூடு பட்டால் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். மெத்தையில் தண்ணீரை ஊற்றினால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். வாடை போக சோடாவை மெல்லியதாகத் தூவிச் சில மணி நேரம் விட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் போதும். மெத்தை முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஈர மெத்தையில் சோடா பசையாகி நூலுக்குள் உறைந்துவிடும்.

வாளியில் நுரை பொங்கப் பொங்கச் சோப்பு

துடைத்த தரை காய்ந்த பிறகு பாதம் ஒட்டுகிறதா? அது அழுக்கல்ல, சோப்பு. ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி தாராளம்.

பெயர் எழுதாத குப்பி

வினிகரும் தண்ணீர் கலந்த பிளீச்சும் தெளிப்புக் குப்பியில் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோய்க் கண்டுபிடிப்பது என்பது நான் யாருக்கும் சொல்லித்தரும் வழியல்ல. ஊற்றுகிற கையோடு பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பழைய குடிநீர்ப் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்த பிறகு, என் பையிலிருக்கும் மார்பிள் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவளே அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள், துடைத்தாள், ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மறுநாள் வந்தபோது அவளுடைய வினிகர் குப்பியில், தேதிக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "கல்லுக்கு அல்ல."