வெளிநாட்டுப் பயணத்தில் குழந்தைகளுக்குச் சேவை: கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

வேலூரில் படிக்கிற, வேலை பார்க்கிற பசங்க கம்போடியா, நேபாளம் என்று கிளம்பும்போது, அப்படியே அங்கே ஒரு ஆதரவற்றோர் இல்லத்தில் பிள்ளைகளோடு நாலு நாள் இருந்துவிட்டு வரலாமே என்று நினைக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் தயவுசெய்து இல்லத்துக்குப் போகாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் தரும் பணத்துக்காகவே ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்தச் சுரண்டலைக் குறிப்பிட்டது.

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கின யாரோ ஒருவர் நேராக நம்ம தெரு அங்கன்வாடிக்குள் வந்து பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தால் சும்மா விடுவோமா?

வேறு வகையில் சேவை செய்யப் போவதானாலும், பணம் கட்டுங்க, நாளைக்கே வாங்க என்கிற அமைப்பு வேண்டவே வேண்டாம். பொறுப்பான அமைப்பு உங்களிடம் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்கும். வேலைக்கோ நீண்டகால விசாவிலோ போகிறவர்கள் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம் (சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அங்கே தரமாட்டார்கள்), கட்டணம் 500 ரூபாய், விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்குக்கூட அனுமதி இல்லாத நாடுகள் இருக்கின்றன, அதையும் பாருங்கள்.

அப்புறம், நர்ஸாகவோ ஆசிரியராகவோ இருந்தால் பிள்ளைகளுக்கு நேரடியாக அல்ல, அங்குள்ள ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர்கள்தானே அங்கே இருக்கப்போகிறார்கள். அதற்கும் நேரமில்லையா, கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஏழை இளைஞர்களுக்குச் சமையல் தொழில் பழக்குகிற உணவகங்கள் இருக்கின்றன, அங்கே போய்ச் சாப்பிடுங்கள்.